கழுகு முதலா, கவசம் முதலா

பனையடிக்குறிச்சியில் ஒரு சாயங்காலம் முடியாமல் நின்றுபோனதே, அதற்குக் காரணம் நரைத்த மீசை வைத்த இரண்டு ஆண்கள். ஒருவர் வக்கீல் குற்றாலிங்கம். நோட்டரி முத்திரையைச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு திரிகிறவர். மற்றவர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தும் தங்கதுரை வாத்தியார். அந்த வாத்தியாருக்கு வாழ்க்கைப்பட்டவள் ரூபாவதி, ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு நர்ஸ். அவள் பட்ட பாடுதான் இந்தக் கதை.

கிருபாகரனின் ஜெராக்ஸ் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் 'சக்கரவாளம்' என்றொரு கார்டு விளையாட்டு நடக்கும். பளபளக்கும் பாக்கெட்டுகளில் பூதமும் யானையும் மந்திரவாதியும் அச்சடித்த கார்டுகள் வரும், பிரித்துச் சேர்த்து, மாற்றிக்கொண்டு, எதிரெதிரே உட்கார்ந்து மோதவிட வேண்டும். சிறுபிள்ளைகளுக்கென்று வந்த விளையாட்டு அது. பிள்ளைகள் இரண்டு மாதத்தில் சலித்துப்போய்விட்டார்கள், அப்பாக்கள் விடவில்லை. காசு வைத்து ஆடுகிறார்களோ என்று ஒருமுறை போலீஸ்காரர் மாடியேறி வந்து, மேசைமேல் கிடந்த பூதப் படங்களையும் அவற்றைச் சுற்றி மூக்குக்கண்ணாடியோடு குனிந்திருந்த கனவான்களையும் பார்த்து, இவர்களைப் பிடித்துக்கொண்டு போனால் தனக்குத்தான் கேவலம் என்று ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார்.

அன்றைக்கு இறுதிப் போட்டி. ஜெயித்தவருக்கு ஒரு பிளாஸ்டிக் கோப்பை. வக்கீலிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு கல்யானை. அதற்கு அவர் 'இரவல் கவசம்' என்ற கார்டைப் போர்த்தியிருந்தார். 'இந்த முறை முடியும் வரை அணிந்தவருக்கு அழிவில்லை' என்று அதில் எழுதியிருந்தது. வாத்தியாரிடம் 'அந்திக் கழுகு' இருந்தது. 'முறை முடியும்போது எதிராளியின் ஓர் உயிரைக் கொண்டுபோகும்' என்று அதில் எழுதியிருந்தது. வக்கீல் தன் முறையை முடிக்கப்போனார். சண்டை அங்கேதான் தொடங்கியது.

"முடியும் வரைன்னா, முடிவு வந்த நொடியில கவசம் கெடையாது," என்றார் வாத்தியார். "திருநெல்வேலி வரைக்கும் டிக்கெட் எடுத்தவன் திருநெல்வேலி வந்ததும் இறங்கணுமா இல்லையா? கவசம் இறங்கியாச்சு. என் கழுகு ஆனையைத் தூக்கியாச்சு."

"பஸ்ஸு நின்ன பெறகுதான்வே இறங்கணும்," என்றார் வக்கீல். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் லீவுன்னா ஞாயித்துக்கிழமையும் சேர்த்துத்தான். கழுகு முதல்ல வரட்டும், கொத்தட்டும், கவசத்துல மோதி அலகு உடைஞ்சு போகட்டும். அதுக்குப் பெறகு நான் கவசத்தைக் கழட்டுதேன்."

நடுவராக இருந்த கிருபாகரன் இருவரிடமும் வியாபாரம் பார்க்கிறவன். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்றான். கம்பெனிக்கு மெயில் அனுப்பினான். ஒரு வேலைநாளுக்குள் பதில் தருவோம் என்று உடனே ஒரு பதில் வந்தது. ஆட்ட விதிப்படி, ஒரு முறை முடிய வேண்டுமானால் இருவரும் உள்ளங்கையை மேசைமேல் வைத்து 'முடிந்தது' என்று சொல்ல வேண்டும். கழுகு முதல் என்று ஒப்புக்கொள்ளாமல் வக்கீல் கை வைக்கமாட்டார், கவசம் முதல் என்று ஒப்புக்கொள்ளாமல் வாத்தியார் கை வைக்கமாட்டார். நான்கு கைகளும் மடியில் கிடந்தன. அரிசி மில் புகைபோக்கிக்குப் பக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்த சூரியன், அந்த முறை முடியாததால், இறங்குவதை நிறுத்திக்கொண்டது.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பஜ்ஜிக் கடைக்காரர் இன்னொரு ஈடு வாழைக்காய் சீவிப் போட்டார், பிறகு இன்னொரு ஈடு, பிறகு சீவிக்கொண்டே இருந்தார். பெண்கள் தலையில் வைத்த பிச்சிப்பூ வாடாமல் இருந்தது, அதனால் பூக்காரி கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். இன்று மட்டும் தள்ளுபடி என்று பலகை மாட்டிய ஜவுளிக்கடைக்காரர் முதலில் சிரித்தார், பிறகு வியர்த்தார், பிறகு பலகையைக் கழற்றப் போனவரைக் கூட்டம் ஏணியோடு பிடித்துக்கொண்டது. கோயிலில் சாயரட்சைக்குத் திரி போட்ட குருக்களும் பள்ளிவாசலில் மஃரிபுக்குத் தொண்டையைச் செருமிக்கொண்ட மோதினாரும் மாதாகோயில் மணிக்கயிற்றைப் பிடித்த கோயில்பிள்ளையும் அவரவர் வாசலில் நின்றபடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜனங்கள் தூங்கி எழுந்தார்கள், சாயங்காலம். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கி எழுந்தார்கள், அதே சாயங்காலம். நாளைக்கு வா, நாளைக்கு வா என்று ஆயுள் முழுக்க ஜனங்களைத் திருப்பி அனுப்பிய தாலுகா ஆபீஸ் கிளார்க்குகள் அந்த நேரத்தில்தான் முதல்முறையாகச் சொன்ன சொல்லில் நின்றவர்களானார்கள். ஊரே உண்மையாக வருத்தப்பட்ட விஷயம் ஒன்று உண்டென்றால், அது டிவி சீரியலில் மாமியார் விஷக் கோப்பையை நீட்டிய இடத்தில் 'தொடரும்' போட்டது, தொடரவே இல்லை என்பதுதான்.

அரிசி மில் ஆவுடைநாயகம் அண்ணாச்சி ஒரு குழு அமைத்தார். அந்தி பாதுகாப்புக் குழு. வாக்கிங் போகிற ஓய்வுபெற்ற ஆபீசர்கள் எல்லாம் அதில் சேர்ந்தார்கள். "ராத்திரின்னா என்னவே? கொசு, களவாணி, கரண்ட் பில்லு. நமக்கு அது தேவையா?" என்று அண்ணாச்சி மைக்கில் கேட்டார், தேவையில்லை என்று கூட்டம் சொன்னது. ஜெராக்ஸ் கடை மாடிக்கு ஊர்வலமாகப் போய் இரண்டு ஆட்டக்காரர்களுக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். எந்தக் காரணத்தைக் கொண்டும் கையை மேசையில் வைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். வாத்தியாரும் வக்கீலும், முப்பது வருஷம் வேலை பார்த்தும் இந்த ஊரில் கிடைக்காத மரியாதை ஒரு யானைப் படத்தால் கிடைத்ததே என்று நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் முத்துப்பேச்சி வலியில் கிடந்தாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜாக்கெட் தைக்கிறவள் அவள். தலைப்பிரசவம். புருஷன் லாரி டிரைவர். ராத்திரிக்குள் வந்துவிடுகிறேன் என்று போனில் சொல்லியிருந்தான். டாக்டரம்மா அவளைப் பார்த்துவிட்டு, "பொழுது சாயும்போது பிறந்துரும். பொழுது சாயும் வரை இவ உடம்பு தாங்கும், பயப்படாதீங்க," என்று ரூபாவதியிடம் சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போனார். போனவருக்குக் காபி முடியவில்லை. ஆபரேஷன் செய்கிற டாக்டர் ராத்திரி டூட்டிக்காரர்; ராத்திரி வந்தால்தானே அவர் வருவார். பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பலாமென்று ஆம்புலன்ஸை எடுத்தால், அது ஊர் எல்லையிலிருந்த தோரணவாயில் வழியாக வெளியே போய் அதே தோரணவாயில் வழியாக உள்ளே வந்தது. டிரைவர் இறங்கி டயரை உதைத்துப் பார்த்துவிட்டு, "வண்டியில கோளாறு இல்ல சிஸ்டர், சாயங்காலத்துலதான் கோளாறு," என்றார்.

ரூபாவதிக்கும் டூட்டி முடியவில்லை. பொழுது சாய்ந்ததும் வந்து மாற்றிவிட வேண்டிய நர்ஸ் வீட்டில் தலைசீவிக்கொண்டே இருந்தாள். வலி வந்தது, போனது, வந்தது. வழி முழுக்கத் திறந்துவிட்டது, பிள்ளை மட்டும் இறங்கவில்லை. முத்துப்பேச்சி கட்டில் கம்பியைப் பிடித்த பிடியில் அவளது வளையல்கள் ஒவ்வொன்றாக உடைந்து தீர்ந்தன. உதடு கிழிந்துபோன பின்பு அவள் கத்துவதை விட்டுவிட்டு முனக மட்டும் செய்தாள். ஜன்னலுக்கு வெளியே, என்ன அருமையான வெளிச்சம், என்ன அருமையான காற்று என்று ஜனங்கள் பேசிக்கொண்டு போனார்கள்.

"சிஸ்டர், ஏன் இன்னும் இருட்டல?" என்று முத்துப்பேச்சி கேட்டாள்.

பதில் ரூபாவதிக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். வாட்ச்மேன் தொடங்கித் துப்புரவு செய்கிறவள் வரை எல்லாரும் அவளிடம் வந்து, உங்க வீட்டுக்காரர் கை வைக்கமாட்டேங்காராமே என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவள் கையுறையைக் கழற்றி வீசிவிட்டு வெளியே நடந்தாள்.

மாடியில் வாத்தியார் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தார். "ஏங்க, அங்கன ஒரு பிள்ளை உசுருக்குப் போராடிக்கிட்டுக் கெடக்கா. இங்கன என்ன செஞ்சுக்கிட்டு இருக்கிய?" என்றாள் ரூபாவதி.

"நீ இதுல தலையிடாத ரூபா. இது கொள்கைப் பிரச்சினை."

"பொம்மைப் படத்துல என்னங்க கொள்கை?"

வாத்தியார் அவளுக்குப் புரியும்படி விளக்கத் தொடங்கினார். வகுப்பில் விளக்குகிற அதே குரல். முடியும் வரை, முடியும்போது, இரண்டும் ஒரே முடிவைச் சந்திக்கின்றன, எது முன்னே எது பின்னே என்பதுதான் கேள்வி என்று அவர் இரண்டு விரல்களைத் தூக்கிக் காட்டியபோது, ரூபாவதிக்கு டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. பொழுது சாயும்போது பிறக்கும். பொழுது சாயும் வரை உடம்பு தாங்கும். இந்த மனுஷன் ஜெயித்து, இவர் சொல்கிற வரிசையில் இந்தச் சாயங்காலம் முடிந்தால், முதலில் முத்துப்பேச்சியின் தெம்பு போகும். அதன் பிறகு வருகிற பிள்ளைக்கு முக்கித் தள்ள அங்கே ஆள் இருக்காது.

"கழுகு முதல்னு சொல்லுங்க," என்றாள் புருஷனிடம். "வக்கீலய்யா சொல்றதை ஒத்துக்கோங்க. இப்பவே. கைய வைங்க."

"நீ யாருக்குப் பொண்டாட்டி?" என்றார் வாத்தியார்.

வக்கீல் அதைக் கேட்டு மேல்துண்டால் வாயை மூடிச் சிரித்தார். அண்ணாச்சி முன்னால் வந்தார். "எம்மா, ஊரு முழுக்கச் சந்தோசமா இருக்கு. ஒருத்திக்குக் கொஞ்சம் வலின்னா பொறுத்துக்கிட வேண்டியதுதான். பிரசவ வலி எந்தப் பொம்பளைக்குத்தான் இல்ல?" ஓய்வுபெற்ற ஆபீசர்கள் தலையாட்டினார்கள். அவர்களில் யாரும் பிரசவ வார்டு வாசலைக்கூட மிதித்ததில்லை. பெண்டாட்டி பெற்றுக்கொண்டு வந்த பிள்ளைகளுக்கு இனிஷியல் கொடுத்ததோடு சரி.

ரூபாவதி திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். முத்துப்பேச்சி ஒரு வலி முழுவதையும் பல்லைக் கடித்துத் தாண்டிவிட்டு, "என்னைய அங்கன கூட்டிட்டுப் போங்க சிஸ்டர். நான் பேசுதேன் சார்ட்ட," என்றாள்.

"இந்த நெலமையிலயா?"

"இதைவிட என்ன நெலம வரணும்?"

ஸ்ட்ரெச்சர் தள்ளுவண்டியில் அவளை ஏற்றி ரூபாவதியும் ஆம்புலன்ஸ் டிரைவரும் கடைத்தெரு வழியாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். பொன்னாய்க் கிடந்த வெளிச்சத்தில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த ஜனங்கள் வண்டிக்கு வழிவிட்டார்கள். சிலர் வேறுபக்கம் பார்த்தார்கள். இதைப்போய் நடுத்தெருவில் கொண்டுவரலாமா என்று சிலர் முகம் சுளித்தார்கள். சுளித்தபடியே எல்லாரும் பின்னால் வந்தார்கள், வேடிக்கையை விட மனசில்லை. மாடிப்படி குறுகலாக இருந்ததால் ஸ்ட்ரெச்சரை மட்டும் கழற்றி நான்கு பேர் தூக்கி ஏற்றி, ஆட்டக்காரர்களின் மேசையை ஒட்டி இரண்டு பெஞ்சுகளின் மேல் வைத்தார்கள்.

"சார், என்னைத் தெரியுதா?" என்றாள் முத்துப்பேச்சி.

வாத்தியார் கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்தாங்கிளாசு, கடைசி பெஞ்சு, முத்துப்பேச்சி. மணி அடிச்ச பெறகு நீங்க எங்கள விட்டதே கெடையாது. மணி வாத்தியாருக்குத்தான் அடிக்கி, உங்களுக்கு இல்லம்பிய. போர்டுல இன்னொரு கணக்குப் போடுவிய. நாங்க ஒண்ணுக்கு அடக்கிக்கிட்டு உக்காந்திருப்போம். ஒருநாள் எனக்கு முடியல, பெஞ்சிலயே போயிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சிய சார்." அவளுக்கு வலி வந்தது. பேச்சை நிறுத்தி, ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்து, அது போகும்வரை காத்திருந்தாள். "இன்னைக்கும் அடக்கிக்கிட்டுத்தான் கெடக்கேன். மணி அடிச்சாச்சு. விடுங்க."

படிக்கட்டிலிருந்து பஜ்ஜிக் கடைக்காரர் சொன்னார்: "எங்களையும் விட்டதில்ல சார். பஸ்ஸு போயி, ஆறு மைலு நடந்து போவேன்." பூக்காரி சொன்னாள்: "என்னைய வாசல்லயே நிக்க வச்சிய." தாலுகா ஆபீஸ் கிளார்க் ஒருவர், பரீட்சையில் தன் பேப்பரை மட்டும் முதலில் பிடுங்கியதைச் சொன்னார். ஊரில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். இவ்வளவு நேரமும் முத்துப்பேச்சியின் வலிக்கு இரங்காத அந்த ஊர், தன் பழைய கோபம் ஞாபகத்துக்கு வந்ததும் நியாயவானாகிவிட்டது. விடுங்க சார், விடுங்க சார் என்று படிக்கட்டு முழுக்கச் சத்தம் எழுந்தது. நேற்றோ என்றைக்கோ பொன்னாடை போர்த்திய அண்ணாச்சியும், யாரும் கவனிப்பதற்கு முன்பு கூட்டத்தோடு சேர்ந்துகொண்டு, விடுங்க சார் என்றார்.

வாத்தியாரின் காது சிவந்தது. "என் ஆட்சேபணை அப்படியே இருக்கு," என்றார். "இருந்தாலும் சொல்றேன். கழுகு முதல். கவசம் அப்புறம்." உள்ளங்கையை மேசையில் வைத்தார். "முடிந்தது."

வக்கீல் கையை நீட்டியவர், பாதியில் நிறுத்தினார். "இதை இன்னொரு தடவை உரக்கச் சொல்லணும். ஸ்டூடியோ பையன் கேமராவோட வரட்டும். ஆதாரம் வேணும்லா?"

ரூபாவதி முன்னால் வந்தாள். பெஞ்சோடு ஸ்ட்ரெச்சரை இழுத்து வக்கீலின் முழங்காலில் முட்டவிட்டாள். அவர் தோளிலிருந்த பொன்னாடையை உருவி முத்துப்பேச்சியின் கால்மேல் விரித்தாள். தன் புருஷனின் பொன்னாடையை உருவி இரண்டு பெண்களிடம் மறைப்பாகப் பிடிக்கக் கொடுத்தாள். பிறகுதான் சொன்னாள்: "வக்கீலய்யா, கேமரா வாற வரைக்கும் காத்திருப்போம். பிரசவம் உங்க மடியிலதான். வேட்டிய இழுத்துக் கட்டிக்கோங்க."

வக்கீல் அவசரமாக மேசையில் கையை அறைந்தார். "முடிந்தது!"

முதலில் கழுகு வந்தது. ஜன்னல் வழியாக அதன் நிழல் உள்ளே நுழைந்து, கார்டுகளின்மேல் ஊர்ந்து, கல்யானையின்மேல் ஒரு கணம் நின்று, கவசத்தில் மோதித் திரும்பிப் போனது. அந்தக் கணத்தில் முத்துப்பேச்சி ரூபாவதியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு நேரமும் சேர்த்துவைத்திருந்த எல்லாத் தெம்பையும் கொண்டு முக்கினாள். பிள்ளை வந்தது. பெண் பிள்ளை. ரூபாவதி அதைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள், அது வீறிட்டது. அதன் பிறகு கவசம் கழன்றது. முத்துப்பேச்சியின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன, அவள் அப்படியே தூங்கிப்போனாள். ரூபாவதி தொப்புள்கொடியைக் கட்டிவிட்டு அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். நாடி மெதுவாக, ஒழுங்காக, இருந்தது. அதன் பிறகுதான் சூரியன் விழுந்தது.

கோயில் மணியும் பாங்கும் மாதாகோயில் மணியும் ஒன்றாகக் கேட்டன. பெண்கள் தலையிலிருந்த பிச்சிப்பூ ஒரே நொடியில் கருகிக் காம்போடு உதிர்ந்தது. காத்திருந்த கொசுக்கள் எல்லாம் ஊருக்குள் இறங்கின. ஜவுளிக்கடைக்காரர் ஏணியிலேயே அழுதார். ராத்திரி டூட்டி டாக்டர் டிபன் பாக்ஸோடு மூச்சிரைக்க மாடியேறி வந்து, பிள்ளையைப் பார்த்துவிட்டு, எல்லாம் நார்மல் என்றார். வக்கீல் இருட்டில் தடவிக் கோப்பையை எடுத்துக்கொண்டார், யாரும் கைதட்டவில்லை. படியிறங்கும்போதே ஜனங்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள்: ஒரு பொம்பளை கொஞ்சம் பொறுத்திருந்தா நமக்கெல்லாம் எப்படிப்பட்ட சாயங்காலம் இருந்திருக்கும்!

மறுநாள் காலை அந்தி பாதுகாப்புக் குழு கலைந்து, அதே ஆட்களோடு அந்திமகள் பாராட்டுக் குழுவாகக் கூடி, பழத்தட்டோடு பிரசவ வார்டுக்கு வந்தது. பிள்ளைக்கு அந்திச்செல்வி என்று ஊர் சார்பில் பெயர் வைக்கப்போவதாகவும், ஃபோட்டோவுக்கு அண்ணாச்சி கையில் பிள்ளையைக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். விடிய விடிய லாரி ஓட்டி வந்து கட்டில் ஓரத்தில் நின்றிருந்த புருஷன் ஒன்றும் புரியாமல் எழுந்து கும்பிட்டான்.

"பேரு வைக்க எங்க வீட்ல ஆளு இருக்கு," என்றாள் முத்துப்பேச்சி. "பழத்த வச்சிட்டுப் போங்க. பிள்ளை பால் குடிக்கணும்."

குழு, பழத்தட்டை வைப்பதா எடுத்துக்கொண்டு போவதா என்று தங்களுக்குள் பார்த்துக்கொண்டது. ரூபாவதி அண்ணாச்சியின் கையிலிருந்து தட்டை வாங்கி வைத்துவிட்டு, அவர்களைக் கதவுப்பக்கம் நடத்தினாள். வராந்தாவில் வாத்தியார் காபி பிளாஸ்க்கோடு நின்றிருந்தார். ராத்திரியெல்லாம் தூங்கவில்லை போலிருந்தது, கண் சிவந்திருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு கணம் மனசு இளகியது.

"ரூபா," என்றார் அவர் தாழ்ந்த குரலில். "நேத்து நீதான பக்கத்துல நின்னே. உண்மையைச் சொல்லு. பிள்ளை அழுத சத்தம் முதல்ல கேட்டுச்சா, அவ கை தளந்தது முதல்லயா? ஏன் கேக்கேன்னா—"

ரூபாவதி பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். காபியை டம்ளரில் ஊற்றி, ஆற்றி, முத்துப்பேச்சிக்குக் கொடுத்தாள். கதவுக்கு வெளியே அவர் இன்னும் விளக்கிக்கொண்டிருந்தார். உள்ளே பிள்ளை ஒரு பக்கம் குடித்து முடித்து, மறுபக்கத்துக்கு வாயைத் திறந்தது.